தலைவரின் மூக்கின் மேல் ஒரு தேதி

ஒருவரைக் கௌரவிப்பது என்று அஞ்சல் துறையின் தபால்தலைப் பிரிவு முடிவு செய்துவிட்டால், அவர் தப்பிக்க வழியில்லை. இந்த முறை மாட்டியவர் கடல் தாண்டிய ஒரு நாட்டின் விடுதலைத் தலைவர். காலமாகி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் வேண்டாமென்று சொல்லும் நிலையில் அவர் இல்லை.

அவருடைய மகள் இப்போது அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர். அவர் நம் நாட்டுக்கு வருகிறார் என்று தெரிந்ததும், என்ன கொடுக்கலாம் என்று மேலிடம் யோசித்தது. பூங்கொத்து வாடிவிடும். விருந்து செரித்துவிடும். தபால்தலைதான் கெடாது, செலவும் இல்லை என்று தபால்தலைப் பிரிவின் இயக்குநர் எடுத்துச் சொன்னார்.

ஓவியர் முதலில் வரைந்து கொடுத்த படத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஒரு மலை, மேலே ஒரு பறவை, பக்கத்தில் ஒரு கொடி. வடிவமைப்புக் குழு பதினொரு முறை கூடியது. பறவை தலைவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறது என்று பறவையை எடுத்தார்கள். மலை தலைவரைவிட உயரமாக இருந்ததால் மலையும் போயிற்று. கொடி எந்தத் திசையில் பறக்க வேண்டும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை, அதுவும் போயிற்று. வெறும் இடம் மிச்சமிருந்தது. வெறும் இடம் அவமரியாதை என்று இயக்குநர் கருதியதால் முகத்தைப் பெரிதாக்கினார்கள். கடைசியில் தலைவரின் காதுகள் இரண்டு பக்கமும் தபால்தலையைக் கிழிக்கும் துளைக்கோட்டில் இடித்துக்கொண்டு நின்றன. தபால்தலை முழுக்க முகம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கதையே இதில்தான் இருக்கிறது.

வெளியீட்டு விழாவில் இயக்குநர் பேசினார்.

"இந்தத் தலைவரைப் பத்தி நான் ஒரு வரிகூடப் படிச்சதில்லை. பெருமையாவே சொல்றேன். ஏன் படிக்கலை? படிச்சா ஏதாவது தெரிஞ்சுடும். தெரிஞ்சா அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்த இடத்துல மரியாதை நிக்காது. நம்ம துறைக்கு அபிப்பிராயம் கிடையாது. மரியாதை மட்டும்தான்!"

கைதட்டினார்கள். ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு அடங்கிய பதினாறு பக்கக் கையேடு வழங்கப்பட்டது. எங்கோ ஒரு மொழிபெயர்ப்பாளர் கூலிக்கு எழுதிக் கொடுத்தது. குழு அதில் இரண்டே இரண்டைச் சரிபார்த்திருந்தது: தாளின் கனம், இரண்டாம் பக்கத்தில் இயக்குநரின் புகைப்படம்.

அமைச்சர் வருவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் வேறெந்தத் தபால்தலையும் விற்கக் கூடாது, நாடே தலைவரால் நிரம்பியிருக்க வேண்டும் என்று உத்தரவு. பிறகு சுற்றறிக்கைகள் வரத் தொடங்கின.

முதல் சுற்றறிக்கை: தலைவரின் பின்புறத்தை யாரும் நக்கக் கூடாது. கவுன்ட்டரில் கொதித்து ஆறிய நீரும் மெல்லிய தூரிகையும் வைக்கப்படும்.

இரண்டாவது: ஒட்டிய பிறகு முஷ்டியால் குத்தக் கூடாது. கன்னத்தைத் தொடுவது போல் தொட வேண்டும்.

மூன்றாவது: தலைவர் குப்புறக் கிடக்கக் கூடாது. ஆகவே கடிதங்களை மூட்டையில் போடாமல் அலமாரியில் நிற்க வைக்க வேண்டும்.

நான்காவது, தலைவரைப் பக்கத்திலுள்ள தலைவரிடமிருந்து கிழிப்பது பற்றியது. அது மூன்று பக்கம். எங்கள் அஞ்சலகத்தில் அதை முழுதும் படித்தவர் யாரும் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவதுதான் வினை. 'கௌரவிக்கப்பட்ட தலைவர்களின் முகத்தில் அஞ்சல் முத்திரை எவ்விதத்திலும் படக் கூடாது.'

இந்தச் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தவர், முத்திரை அடிக்கும் மேசையில் இருபத்தாறு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் டமால். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடிருந்தது. அவர் முத்திரையைத் தூக்கி அடித்தால் தெருக்கோடி மருந்துக்கடையில் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது.

டமால் தபால்தலையையும் முத்திரையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு போஸ்ட்மாஸ்டரிடம் போனார்.

"சார், சீல் தபால்தலை மேல விழணும், அது விதி. முகத்து மேல விழக் கூடாது, இது சுற்றறிக்கை. முகத்தை விட்டா இதுல தபால்தலையே இல்லையே சார். எங்க அடிக்கிறது?"

"அடிக்காதேப்பா."

"அடிக்காட்டி கடிதம் போகாதே."

"போகலைன்னா யார் மேலயும் தப்பு வராது. போனாத்தான் வரும். எனக்கு எதுவும் தெரியாது, நீ என்னை இங்க பாக்கவே இல்லை" என்றார் போஸ்ட்மாஸ்டர், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கடிதங்கள் அலமாரியில் நின்றன. அலமாரி நிறைந்ததும் சன்னல் விளிம்பில் நின்றன. போஸ்ட்மாஸ்டர் ஓய்வறையைக் காலி செய்து, கதவில் 'மரியாதை நிமித்தம் காத்திருப்போர்' என்று அட்டை எழுதி மாட்டினார். உள்ளே ஆயிரத்துக்கு மேல் தலைவர்கள் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறையைக் கூட்டப் போன அம்மாள், முதுகுக்குப் பின்னால் யாரோ முறைக்கிற மாதிரி இருக்கிறது என்று பாதியில் திரும்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், மூடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, எதிர் வரிசையில் தையல்கடை வைத்திருக்கும் பெண் ஓடிவந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கையில் ஒரு உறை.

"அண்ணே, என் கடை ரூமை வேற யாருக்கோ எழுதி வெச்சிருக்காங்க கட்டட வாரியத்துல. ஆட்சேபணை இருந்தா தபால்ல அனுப்பணுமாம். இன்னைக்குத் தேதி சீல் இருந்தாத்தான் பிரிச்சே பாப்பாங்களாம். அடிச்சுக் குடுங்கண்ணே."

"சீல் அடிக்கக் கூடாதும்மா இப்போ."

"இது போஸ்ட் ஆபீஸ்தானே அண்ணே?"

டமால் உறையை வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகளில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"பதினெட்டு வருஷமா அந்த ரூம்லதான் உக்காந்து தைக்கிறேன். உங்க யூனிஃபார்ம் கூட நான் தைச்சதுதான்" என்றாள் அவள்.

டமால் முத்திரையில் தேதியைச் சரிபார்த்தார். மைத்திண்டில் ஒருமுறை ஒற்றினார். பன்னிரண்டு நாளாகத் தூங்கிய கை உயர்ந்தது.

டமால்!

மருந்துக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. போஸ்ட்மாஸ்டர் உள்ளிருந்து ஓடிவந்து உறையைப் பார்த்தார். ஊர்ப் பெயர் தலைவரின் நெற்றியில். வளையம் தாடையைச் சுற்றி. தேதி, மிகத் தெளிவாக, மூக்கின் மேல்.

"ஐயோ, நான் எதையும் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு, இயக்குநருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் பார்த்தபடி சொன்னார்.

மறுநாள் காலை இயக்குநர் பூதக்கண்ணாடியோடு வந்தார். மூக்கை இருபது நிமிடம் ஆராய்ந்தார். உறை முதலாம் சான்றுப் பொருளாக அவருடைய இரும்பு அலமாரிக்குப் போயிற்று. டமால் தற்காலிகப் பணிநீக்கத்தில் வீட்டுக்குப் போனார்.

"சார், அந்தக் கடிதத்தை மட்டும் அனுப்பிடுங்க" என்றார் டமால். "அதுல தேதி இருக்கு. மாசக் கடைசிக்குள்ள வாரியத்துக்குப் போயிட்டாப் போதும்."

"முதல்ல தலைவரோட மாண்பு, அப்புறம்தான் தையல்காரியோட ரூம்" என்றார் இயக்குநர். "தலைவரு எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா?"

"எவ்வளவு சார்?"

"ரொம்ப" என்றார் இயக்குநர்.

வீட்டில் டமாலின் மனைவி காய் நறுக்கிக்கொண்டே குற்றச்சாட்டுக் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். டமால் படித்தார்: "விதி நாற்பத்து மூன்று. திருமுகத்தின் மீது வேண்டுமென்றே மை பூசி, காண்போர் மனம் பதற, மாட்சிமைக்குக் களங்கம் விளைவித்த குற்றம்..."

மனைவியின் கத்தி நின்றது.

"இதை நான் எங்கியோ படிச்சேனே."

"நீ எங்க படிச்ச?"

அவள் எழுந்து போய்ச் சமையலறை மாடத்தில் டப்பாக்களை நகர்த்தி, அடியில் விரித்திருந்த கையேட்டை உருவிக்கொண்டு வந்தாள். ஆறாம் பக்கத்தில் ஒரு எண்ணெய் வட்டம். அதைச் சுற்றி விரலை ஓட்டிப் படித்தாள்.

"இங்க பாருங்க. இந்தத் தலைவரு ஆரம்பத்துல என்ன வேலை பாத்தாரு தெரியுமா? துறைமுகத்து போஸ்ட் ஆபீஸ்ல சீல் அடிக்கிற வேலை! உங்க வேலைங்க! பேரரசர் மூஞ்சி போட்ட தபால்தலை. ஓரமா அடின்னு உத்தரவாம். இவரு நட்டநடு மூஞ்சியில அடிச்சிருக்காரு. விசாரணை வெச்சு வேலையை விட்டுத் தூக்கிட்டானுங்க. அங்கேர்ந்துதான் சுதந்திரப் போராட்டமே ஆரம்பிச்சுதாம்."

டமால் கையேட்டை வாங்கினார். பேரரசின் அதிகாரி கேட்ட மூன்று கேள்வி, தலைவர் சொன்ன மூன்று பதில், அதிகாரி எழுதிய தீர்ப்பு எல்லாம் அதில் இருந்தன. குற்றச்சாட்டு அவர் மடியில் கிடந்த கடிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. விதி எண் உட்பட.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த நாட்டையும் நம் நாட்டையும் ஒரே பேரரசுதான் ஆண்டது. போகும்போது எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் விதிப்புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நாம் அதில் 'பேரரசர்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்து 'மாண்புக்குரியவர்' என்று மேலே எழுதி, நம்முடையதாக்கிக்கொண்டோம்.

"போஸ்ட்மாஸ்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் மனைவி.

"மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களாம்."

"அந்தத் தையல்காரம்மா கடிதம்?"

"அலமாரியிலதான் இருக்குமாம். சான்றுப் பொருளாம்."

அவள் கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மன்னிப்பெல்லாம் கிடையாது. இருபத்தாறு வருஷமா உங்க கைவலிக்குத் தைலம் தடவினவ நான். அந்தக் கையைக் குத்தம் சொல்றவனை சும்மா விடக் கூடாதுங்க. உங்க விதிப் புஸ்தகத்துல விசாரணைக் கேள்வியும் இருக்குமா?"

"பின்னிணைப்புல இருக்கு. மாதிரித் தீர்ப்பும் இருக்கு. பேர் எழுத மட்டும் இடம் விட்டிருப்பான். நம்ம துறையில சொந்தமா ஒரு வாக்கியம் எழுதின அதிகாரியை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை."

"அப்ப நில்லுங்க நேரா" என்று அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். "நான்தான் அதிகாரி. முதல் கேள்வி!"

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. தலைவரின் பதிலில் டமால் ஒரு சொல்லை மாற்றினாலும் கரண்டி மேசையில் விழுந்தது.

விசாரணை அன்று டமால் வாசலிலேயே கைகட்டி நின்று வேண்டினார்: "சார், ஒரே ஒரு விண்ணப்பம். எல்லாம் விதிப்படி நடக்கணும். கேள்வியெல்லாம் புஸ்தகத்துல உள்ளபடி. ஒரு சொல் கூடாம, குறையாம."

இயக்குநருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "குத்தவாளியா இருந்தாலும் ஒழுங்கு தெரிஞ்சவன்யா" என்று தட்டச்சரிடம் சொல்லிவிட்டு, பின்னிணைப்பைத் திறந்து கம்பீரமாக வாசித்தார்.

"நீ அடிக்கும் முன் திருமுகத்தைப் பார்த்தாயா?"

"தேதியைப் பார்த்தேன்" என்றார் டமால்.

"அது யாருடைய முகம் என்று அறிவாயா?"

"கடிதம் யாருடையது என்று அறிவேன்."

"செய்ததற்கு வருந்துகிறாயா?"

டமால் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது மனைவியின் கண்டிப்பு.

"மை காய்ந்துவிட்டது, ஐயா."

தட்டச்சர் தலைநிமிர்ந்து பார்த்தார். இயக்குநர் மட்டும் "திமிர்" என்று முணுமுணுத்துவிட்டு, மாதிரித் தீர்ப்பில் விட்டிருந்த கோட்டில் டமாலின் சம்பளப்பட்டியல் பெயரை நிரப்பி, முத்தான கையெழுத்தில் தன் பெயரையும் பதவியையும் போட்டார்.

"சார், விதி நாற்பத்து நாலு" என்றார் டமால் பணிவாக. "தீர்ப்போட ஒரு பிரதியையும் சான்றுப் பொருளையும் மாண்புக்குரியவருக்கோ அவரு வாரிசுக்கோ சமர்ப்பிக்கணும்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். வாரிசு! அந்த அம்மையார் அடுத்த வாரம் விழாவுக்கு வருகிறார். அவருடைய தந்தையின் மூக்குக்காக ஒருவனை வேலையைவிட்டே தூக்கியிருக்கிறோம் என்று தெரிந்தால்?

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே. சமர்ப்பிக்கிறது என்ன, மேடையிலயே படிச்சுக் காட்டுறேன்" என்றார். "நீயும் வந்து ஓரமா நில்லு. மன்னிப்புக் கேக்கச் சொன்னா கேக்கணும்."

"கண்டிப்பா வரேன் சார். வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரலாமா?"

விழா அரங்கில் தலைவரின் முகம் சுவர் அளவுக்கு நின்றது. காதுகளுக்கு இடம் போதாமல் தூண்களில் மடித்து ஒட்டியிருந்தார்கள். வெளியுறவு அமைச்சரான மகள் முன்வரிசையில் இருந்தார். அறுபது வயது, குட்டை முடி, சிரிக்காத வாய். பின்வரிசையில் அந்நாட்டுக் குழுவினர் நாற்பது பேர். கடைசி வரிசையில் டமால், மனைவி, அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்த தையல்காரப் பெண்.

இயக்குநர் தாளைப் பிரித்தார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி அந்நாட்டு மொழியில் சொன்னார்.

"இவன் அடித்தது தாளின் மேல் அல்ல, மாட்சிமையின் மேல்."

பின்வரிசையில் சலசலப்பு. நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடிதங்கள் காத்திருக்கலாம், மாண்பு காத்திராது."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன் நாற்பது குரல்கள் அந்த வரியைத் தங்கள் மொழியில் சொல்லிவிட்டன. இயக்குநர் நெகிழ்ந்துபோய்க் குரலை உயர்த்தினார்.

"ஆகவே, இந்தக் கை இனி எந்த அஞ்சலகத்திலும் முத்திரையைத் தொடலாகாது!"

நாற்பது பேரும் எழுந்து நின்று, ராகம் போட்டு, கூடவே சொன்னார்கள். "பாத்தீங்களா, எழுந்தே நின்னுட்டாங்க" என்று இயக்குநர் போஸ்ட்மாஸ்டரிடம் பெருமையாகக் கிசுகிசுத்தார். பிறகு கீழே இருந்த தன் பெயரையும் பதவியையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

அவ்வளவுதான். நாற்பது ஜோடிக் கால்கள் மூன்று முறை தரையில் இடித்தன. ஒரே வாக்கியத்தை அரங்கமே அதிரக் கத்தினார்கள்.

"என்னய்யா சொல்றாங்க?" என்றார் இயக்குநர்.

"மை காய்ந்துவிட்டது என்கிறார்கள், ஐயா" என்றார் மொழிபெயர்ப்பாளர். "அவர்களுடைய விடுதலை முழக்கம் அது. கையேட்டில் ஆறாம் பக்கம். நான்தான் மொழிபெயர்த்தேன்."

மகள் மேடைக்கு வந்தார். சிரிக்காத வாய் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் சொன்னது இது:

"எங்கள் நாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதை நாடகமாகப் போடுவார்கள். பேரரசின் அதிகாரியாக நடிக்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, மாட்டிய பிள்ளை அழுதுகொண்டே நடிக்கும். இந்த வேடத்தைத் தானாகவே கேட்டு வாங்கி, இவ்வளவு உணர்ச்சியோடு நடித்தவரை நான் பார்த்ததே இல்லை. என் தந்தைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டிருந்தால் இயக்குநர் பிழைத்திருப்பார். ஆனால் தன் கையெழுத்தை யாரோ நடிப்பு என்று சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

"மேடம், இது நாடகம் இல்லீங்க. நிஜமான தீர்ப்பு. நானே குடுத்தது."

மொழிபெயர்ப்பாளர் அதை நிறுத்தி, அழுத்தி, ஒரு எழுத்தும் விடாமல் மொழிபெயர்த்தார்.

மகள் சான்றுப் பொருளைக் கேட்டு வாங்கினார். இயக்குநரின் பூதக்கண்ணாடியையே வாங்கி, தந்தையின் மூக்கைப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"நல்ல அடி. அப்பா அடித்ததில் தேதி இவ்வளவு தெளிவாக விழவில்லை" என்றார். பிறகு உறையிலிருந்த முகவரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது இன்னும் போகவில்லையா?"

கடைசி வரிசையிலிருந்து தையல்காரப் பெண் சொன்னாள். "இல்லீங்க. நாளைக்குத்தான் கடைசி."

கடிதம் அரை மணி நேரத்தில் அமைச்சரின் காரிலேயே, முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்களோடு, கட்டட வாரியத்துக்குப் போனது. தேதி சரியாக இருந்தது, பிரித்துப் பார்த்தார்கள். அறை அவளுக்கே என்று பதினைந்தாம் நாள் பதில் வந்தது. தீர்ப்பு ரத்தாகி, டமால் விழாவுக்கு மறுநாளே மேசைக்குத் திரும்பி, காத்திருப்போர் அறையிலிருந்த அத்தனை தலைவர்களையும் ஒரே காலையில் அனுப்பிவைத்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மன்னிப்பு என்று ஒன்று உலகில் இருப்பதாக ஆகியிருக்கும். டமாலின் மனைவிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்நாட்டு அமைச்சருக்கும் இல்லை போலிருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அந்த நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் டமாலுக்கு எழுதியவை. ஒவ்வொன்றிலும் புதிய தபால்தலை. மேடையில் வாயைப் பிளந்து தீர்ப்பு வாசிக்கும் இயக்குநரின் முகம், துளைக்கோடு முதல் துளைக்கோடு வரை. கீழே சின்ன எழுத்தில், 'விசாரணை அதிகாரி'. எதன் மேலும் முத்திரை இல்லை. முதல் மூட்டையின் வாயில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது: 'அந்த மரியாதை உங்களுக்கே.'

முத்திரை விழாமல் வந்த தபால்தலையின் மேல், போய்ச் சேரும் அஞ்சலகம் முத்திரை அடிக்க வேண்டும். அதுவும் விதிதான்.

இரண்டாம் நாள் இயக்குநரே நேரில் வந்தார். டமாலின் மேசைக்கு எதிரே நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. போஸ்ட்மாஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை.

"கொஞ்சம்... ஓரமா அடிக்கக் கூடாதாப்பா?"

டமால் இழுப்பறையிலிருந்து ஐந்தாவது சுற்றறிக்கையை எடுத்து மேசையில் விரித்தார்.

"பாருங்க சார், 'தலைவர்களின் முகத்தில்'னு போட்டிருக்கீங்க. அதிகாரிங்களைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"இந்த மூட்டையில மூவாயிரம். இது ஆறாங்கிளாஸ் மட்டும். ஏழாங்கிளாஸ் அடுத்த வாரம் எழுதுதாம்."

இயக்குநர் மேலே கிடந்த உறையைக் கையில் எடுத்தார். தேதி சரியாக அவர் மூக்கின் மேல் விழுந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவி, முனையை நாக்கில் நனைத்து, தன் மூக்கைத் தானே துடைக்கத் தொடங்கினார்.

டமால் அடுத்த உறையை இழுத்து வைத்துக்கொண்டார். கை உயர்ந்தது.

"விடுங்க சார். மை காஞ்சிடுச்சு."